கலங்காத குடுவைகள்

பூதக்கண்ணாடி என்று அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று ஆய்வகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வைத்தவன் கண் உள்ளவன். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி, அதைக் கழற்றினால் முகத்தின் முன்னால் மைக்ராஸ்கோப். மனிதர் வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"அதுல மீனா ஓடுது?" என்று மனைவி கேட்பாள்.

"ஓடினா சொல்றேன், குழம்பு வை" என்பார்.

அவர் வேலை பார்த்தது செல் வளர்க்கிற அறையில். உடம்பிலிருந்து எடுத்த செல்களை உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்து, பெருக்கி, கேட்கிற ஆய்வகங்களுக்கு அனுப்புவது அந்த நிறுவனத்தின் பிழைப்பு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தட்டையான பிளாஸ்டிக் குடுவையின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேலே மீடியா என்கிற ரோஜா நிற நீர். அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. சாப்பாடு தீரத் தீர ரோஜா நிறம் மஞ்சளாகும். பார்த்து, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். கைப்பிள்ளை மாதிரிதான். என்ன, இது அழாது.

வித்தை ஊற்றுவதில் இல்லை, கூடவே வேறெதையும் ஊற்றாமல் இருப்பதில் இருக்கிறது. காற்றில் கிருமி, கையில் கிருமி, பேசினால் வாயில் கிருமி. ஒன்று உள்ளே போனாலும் அது அந்த இனிப்பு நீரில் விருந்து சாப்பிட்டுப் பெருகிவிடும். காலையில் பார்த்தால் குடுவை கழுநீர் மாதிரிக் கலங்கி நிற்கும். அதனால்தான் முன்பக்கம் கண்ணாடி வைத்த ஹூட் என்கிற கூண்டு, அதற்குள் வடிகட்டிய காற்று, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த மேடை, துடைத்த கை, துடைத்த பாட்டில். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர், ஈரம் குறையாமல் இருக்க அதன் அடித்தட்டில் தண்ணீர், அந்தத் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த பாட்டிலுக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடக் கூடாது.

இதெல்லாம் எந்த இடத்திலும் உள்ளதுதான். அந்த அறைக்கென்று இன்னும் இரண்டு வழக்கம் இருந்தது.

ஒன்று, மீடியாவில் கிருமிக்கு மருந்து கலக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் கொஞ்சம் கலந்தால் கலங்காதுதான். ஆனால் மருந்து கிருமியை முழுசாகக் கொல்லாது, தலை தூக்கவிடாமல் அமுக்கி வைக்கும், அவ்வளவே. குடுவை பார்க்கத் தெளிவாக இருக்கும், அழுக்கு உள்ளே தூங்கும். வாங்கிப் போகிறவன் ஆய்வகத்தில் போய் அது எழுந்து உட்காரும். வெளியிலிருந்து புதிதாக வருகிற செல்லுக்கு மட்டும் தனி அறையில் கொஞ்ச நாள் மருந்து உண்டு. அதற்கென்று ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜுக்கும் செல் அறைக்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டாவது, யார் குடுவை கலங்கினாலும் அவர் வாயாலேயே "கலங்கல்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டதும் அறையில் இருக்கிற மற்றவர் தன் குடுவைகளை எடுத்துப் பார்த்து, இருந்தால் இருக்கிறது என்று, இல்லாவிட்டால் "என்னது தெளிவு" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு கலங்கினதில் ப்ளீச்சிங் நீரை ஊற்றிக் கொன்றுவிட்டு, உறைபெட்டியில் இருக்கிற கையிருப்பிலிருந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வெட்கப்பட இடமில்லை. ஒளித்து வைத்தால்தான் வெட்கம்.

அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். பூதக்கண்ணாடி ஒன்று, இன்னொருவர் அவருடைய சம்பந்தி.

ஆரம்பத்தில் சம்பந்தி இல்லை, வெறும் கூட்டாளிதான். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். "யோவ், பைப்பெட்டைக் குடு", "வாயை மூடுய்யா, பாட்டில் தெறந்திருக்கு" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள். கூட்டாளியின் மகன் பூதக்கண்ணாடியின் மகளைக் கட்டிக்கொண்ட மறுநாளிலிருந்து "வாங்க சம்பந்தி, ஹூட் காலிதான், நீங்க முதல்ல" என்று ஆரம்பித்தார்கள். ஆய்வகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்னய்யா, ஹூட்டுக்குள்ள மாப்பிள்ளை அழைப்பா?" என்று இன்குபேட்டருக்கு வாயு சிலிண்டர் மாற்ற வருகிறவன் கேட்டான்.

சம்பந்தி நல்ல மனிதர். சிரித்த முகம், யாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுக்கிற கை. அந்தக் கைக்கு ஒரு பேரும் இருந்தது, ராசிக்கை. கல்யாணம் முடிந்த சமயத்திலிருந்து அவர் குடுவை ஒன்றுகூடக் கலங்கவில்லை. பூதக்கண்ணாடி எப்போதாவது "கலங்கல்!" என்பார். மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வரும். "என்னது தெளிவு, சம்பந்தி."

எப்போதாவது என்று இருந்தது போகப் போக அடிக்கடி என்று ஆனது. பூதக்கண்ணாடி செய்யாததில்லை. வைத்திருந்த தாடியை மழித்தார். கையுறைக்கு மேல் கையுறை போட்டார். தண்ணீர்த் தட்டை அவரே கழுவினார், இன்குபேட்டரின் தட்டுகளைக் கழற்றி ஆவியில் வேகவைத்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் செல்களுக்கு நடுவே அரிசி நொய் மாதிரிக் குட்டிக் குச்சிகள் துடித்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு முறையும் அதே குச்சிகள்.

ஒருநாள் கூச்சத்தை விட்டுச் சம்பந்தியிடமே கேட்டார். "நான் வேலை செய்யறப்ப கொஞ்சம் பக்கத்துல நின்னு பாருங்களேன். எங்க தப்புப் பண்றேன்னு சொல்லுங்க."

சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்று பொறுமையாகப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க முழங்கை பாட்டில் வாய்க்கு மேல போகுது. லேசா கை நடுங்குது. வயசாகுதில்ல சம்பந்தி, ரெண்டு பேருக்கும்தான்."

பூதக்கண்ணாடி அன்று வீட்டுக்குப் போய், மேசையில் வரிசையாக டம்ளர்களை வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றிப் பழகினார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வேலையை விட்டுட்டு ஓட்டல்ல சேரப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி அவளிடம் காட்டினார். "நடுங்குதா பாரு."

"இல்லையே."

"நல்லாப் பாரு."

நிறுவனத்தை நடத்துகிற பெரிய டாக்டர் நியாயமான பெண்மணி, கத்துகிற ஆள் இல்லை. இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"ஒரே ஹூட், ஒரே இன்குபேட்டர், ஒரே தண்ணி. ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரலை. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு?" பிறகு சம்பந்தியைப் பார்த்தார். "உங்களுதுல நிஜமாவே ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"வித்தியாசம் கைதான்" என்றார் பூதக்கண்ணாடி. டாக்டர் சொல்லத் தயங்கினதை அவரே சொல்லி முடித்தார். அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அவரைச் சாமான் கழுவுகிற அறைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. தாழ்வாரத்தின் கோடியில், ஆவி கக்கிப் பாட்டில்களை வேகவைக்கிற ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. குடுவையில் செல் ஒட்டியிருக்கிறதா, வட்டமாக உருண்டு மிதக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர், காலி பாட்டிலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடி ஆவியில் மூடிக்கொள்ளும். துடைப்பார், மறுபடி மூடிக்கொள்ளும். அவருக்கு அந்த அறை வேண்டும். அதைவிட, தன் கை தப்பான கை இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை. அவரே சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போனால் பேரனைத் தூக்குவதற்கு முன்னால் கையைப் பார்த்துக்கொள்வார்.

"என்னப்பா, கையையே பாக்கறீங்க?" என்பாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா."

அவளும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்போது அது அவருக்கு ஒன்றுமாகத் தோன்றவில்லை.

சம்பந்திக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன், கொஞ்ச நாள் ஓய்வு. செல்களுக்கு ஓய்வு கிடையாதே. அந்த வேலை தெரிந்த கை வேறு இல்லாததால் பூதக்கண்ணாடியை மறுபடி கூப்பிட்டார்கள். போவதற்கு முதல் நாள் சம்பந்தி தன் மீடியா பாட்டில்களைக் காட்டினார்.

"இதை மட்டும் ஊத்துங்க. போதுமானது வச்சிருக்கேன். நீங்க புதுசா கலக்க வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, அன்பாக, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சம்பந்தி."

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையாட்டினார்.

சொன்னபடிதான் ஊற்றினார். ஆனால் திடீரென்று ஒரு ஆய்வகத்திலிருந்து கூடுதலாகக் கேட்டார்கள். குடுவைகளைப் பெருக்க வேண்டியிருந்தது, பாட்டில் தீர்ந்துகொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் பூதக்கண்ணாடி ஒரு பாட்டில் மீடியா தானே கலந்தார். பாதிக் குடுவைகளுக்குச் சம்பந்தியின் பாட்டில், மீதிக்குத் தன்னுடையது. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டார்.

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள், இன்குபேட்டர் கதவைத் திறந்தார். தன் பாட்டிலிலிருந்து ஊற்றினது அத்தனையும் கழுநீர். சம்பந்தியின் பாட்டிலிலிருந்து ஊற்றினது அத்தனையும் கண்ணாடி மாதிரித் தெளிவு.

"கலங்கல்" என்றார். குரல் உரக்க வரவில்லை.

சிலிண்டர்காரன் கதவருகே நின்று உச்சுக் கொட்டினான். "கையில என்னத்த வச்சிருக்கீரு ஓய்? தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது."

ப்ளீச்சிங் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தவர், ஊற்றப் போன கையை நிறுத்தினார். எது நிறுத்தியது என்று அவருக்கே தெரியாது. இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். இதையும் இந்தக் கைதான் ஊற்றியது. அதையும் இந்தக் கைதான் ஊற்றியது. அதே ஹூட், அதே காலை. கை ஒன்று, பாட்டில்தான் இரண்டு.

அப்போ தன் பாட்டிலில்தான் அழுக்கா? அதற்கு ஒரு சோதனை உண்டு, பெரிய டாக்டரே முன்பு இருவருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். தன் மீடியாவை மட்டும் செல் இல்லாத வெறுங்குடுவையில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தார். நாள் போயும் அது கலங்கவில்லை. பாட்டில் சுத்தம். கை சுத்தம். மிச்சம் இருப்பது குடுவைக்குள் முன்னாலேயே இருந்தது. சம்பந்தி வளர்த்துவிட்டுப் போனது.

அது ஏன் சம்பந்தியின் மீடியாவில் மட்டும் கலங்கவில்லை?

பதில் அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பூதக்கண்ணாடி ஆயிற்றே, பார்த்தால்தான் நம்புவார். இரண்டு வெறுங்குடுவை எடுத்தார். ஒன்றில் தன் மீடியா, ஒன்றில் சம்பந்தியின் மீடியா. கலங்கின நீரிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்து இரண்டிலும் விட்டார். வேண்டுமென்றே அழுக்கை உள்ளே விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மறுநாள் தன்னுடையது கலங்கிவிட்டது. சம்பந்தியுடையது தெளிவாகவே நின்றது. அதற்கு அடுத்த நாளும் தெளிவு. மருந்து இல்லாமல் எந்த ராசியும் அப்படி நிற்காது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அரிசி நொய்க் குச்சிகள். அவருடைய குடுவைகளில் வருஷக்கணக்கில் ஓடினவை இவைதான். சம்பந்தியின் குடுவைகளில் தூங்கி, ஒரே ஹூட்டில், ஒரே இன்குபேட்டரில், சொட்டுச் சொட்டாக மருந்தில்லாத இவர் குடுவைகளுக்கு வந்து கண் விழித்திருக்கின்றன. அந்த ஆளின் அழுக்குக்கு இவர் "கலங்கல், கலங்கல்" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அந்த ஆள் பக்கத்தில் நின்று "என்னது தெளிவு" என்றிருக்கிறார்.

டாக்டரிடம் போகவில்லை. மதியமே நேராக மகள் வீட்டுக்குப் போனார்.

சம்பந்தி கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. மகள் அவர் தலைமாட்டில் நின்று மற்றக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் மூக்கு இமையில் படவில்லை, மூடியைக் கவிழ்த்து வைக்காமல் விரலிடுக்கில் பிடித்திருந்தாள். சின்னப்பிள்ளையாக ஆய்வகத்துக்கு வந்தபோது அப்பாவைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

"வாங்க சம்பந்தி" என்றார் அவர், காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு. "உக்காருங்க. செல்லெல்லாம் சௌக்கியமா?"

"எத்தனை நாளா மருந்து கலக்கற?"

வாங்க போங்க போய்விட்டது. சம்பந்தியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, இறங்க வழி தெரியாமல்.

"கல்யாணத்தப்ப" என்றார் கடைசியில். "வரிசையா கலங்குச்சு. தலைக்கு மேல கல்யாண வேலை. ஒரே ஒரு தடவைன்னு அந்தச் சின்ன ஃபிரிட்ஜைத் தொறந்தேன். அப்புறம் நிறுத்தினா கலங்குது. நிறுத்த முடியலைய்யா."

"நிறுத்த முடியலை, சரி. என் கை நடுங்குதுன்னு ஏன்யா சொன்ன?"

சம்பந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்கறேன்ல? பக்கத்துல நின்னு பாருங்கன்னு உன்னைத்தானே கூப்பிட்டேன். வேற யாரைக் கூப்பிடுவேன்?"

"நான் டாக்டர்கிட்ட உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல" என்றார் சம்பந்தி.

"நீ ஏன் சொல்லணும்? அதையும் நானேதானே சொன்னேன்."

மகள் சொட்டு மருந்தை மூடினாள். அவள் அதிர்ந்துபோவாள், மாமனாரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அப்பா..."

"தெரியுமா, தெரியாதா?"

"மாமா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிட்டாரு. உங்களை மாத்தறதுக்கு முன்னாடியே." அவள் அவர் கையைப் பிடிக்க வந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்களுக்கு வேலை போகாதுன்னு தெரியும்பா. மாமா மாட்டினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படிப்பா இருக்கறது? நீங்க தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

"என் கையைப் பாத்தியேம்மா நீ."

"பாத்தேன்பா."

"டம்ளர்ல தண்ணி ஊத்திப் பழகினேன். அம்மா சொன்னாளா?"

"சொன்னாங்க."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளறையில் பேரன் எழுந்து அழுதான். அவள் போகவா நிற்கவா என்று தவித்தாள்.

"போம்மா, பிள்ளையைப் பாரு."

அவர் செருப்பை மாட்டும்போது அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கப்பா. எனக்காக. கலங்கினதைக் கொன்னுட்டுப் பேசாம புதுசா ஆரம்பிச்சிடுங்க. மாமாவும் இனிமே கலக்க மாட்டாரு. உங்களுக்கே தெரியும், நீங்க சரின்னு. அது போதாதா?"

வழி நெடுக அது போதுமா என்றுதான் யோசித்துக்கொண்டு நடந்தார். கொஞ்சம் தூரம் போதும் என்று தோன்றியது. பழைய வழக்கம் அப்படி, அவள் கேட்டு அவர் இல்லை என்றதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் மழை வருகிறதோ என்று வானத்தைப் பார்த்தான். கை நடுங்கவில்லை. எப்போதுமே நடுங்கியதில்லை. அது தெரிந்த ஒருத்தி, பெற்ற மகள், நடுங்குகிறது என்று அவர் நம்பிக்கொண்டு திரிவதைப் பார்த்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, அந்த இரண்டு குடுவைகளையும் கொண்டுபோய் பெரிய டாக்டரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது யாருடைய மீடியா, என்ன செய்தேன் என்று மட்டும் சொன்னார். டாக்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கலங்காத குடுவையைக் கையில் எடுத்து, ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்கிருந்து போனது எல்லாத்துலயும் இது இருக்குமே" என்றார். "ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு நான் சொல்லியாகணும்." பிறகு, "உங்களைப் போய் நான்..." என்று ஆரம்பித்தார்.

"பரவாயில்ல டாக்டர். நானும்தான் நம்பினேன்."

சம்பந்தியின் குடுவைகளை எல்லாம் பூதக்கண்ணாடியே கொன்றார். உறைபெட்டியில் இருந்த பழைய கையிருப்பை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். கண் கட்டை அவிழ்த்த பிறகு சம்பந்தி வேலைக்கு வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகளிடமிருந்து பேச்சு நின்றுபோனது. போன் அடித்தால் மருமகன் எடுத்து, "அவ குளிக்கறா" என்பான். எந்த நேரத்தில் அடித்தாலும் குளிக்கிறாள்.

"பொண்ணு வீட்டுக் கதவை நீங்களே சாத்திட்டு வந்துட்டீங்க" என்றாள் மனைவி. சண்டைக்காகச் சொல்லவில்லை. பேரனுக்குப் பின்னிக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சாத்தினது நானில்ல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

செல் அறை திரும்பக் கிடைத்தது. ஹூட் அதே ஹூட், இன்குபேட்டர் அதே இன்குபேட்டர். இப்போது அவர் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. சிலிண்டர்காரன்கூட கதவைத் தட்டிவிட்டு, "அண்ணே, வரலாமா?" என்கிறான்.

மாதங்கள் கழித்து ஒரு காலை. இன்குபேட்டரைத் திறந்தவர் ஒரு குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். லேசான கலங்கல். மைக்ராஸ்கோப்பில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். குச்சி இல்லை. உருண்டை உருண்டையாக, குன்றிமணி கோத்த மாதிரி வேறெதோ கிருமி. யாரிடமிருந்தும் வந்ததில்லை. அவருடையதேதான், அவர் கையிலிருந்தோ வாயிலிருந்தோ விழுந்தது. அதைப் பார்த்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட நிம்மதியாகக்கூட இருந்தது.

நிமிர்ந்தார். "கலங்கல்!" என்று உரக்கச் சொன்னார்.

மேடையின் அந்தப் பக்கம் முக்காலி காலியாக இருந்தது. ஹூட்டின் காற்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றார், பழக்க தோஷம். பிறகு ப்ளீச்சிங் பாட்டிலை எடுக்கப் போகும் வழியில், மற்றக் குடுவைகளையும் ஒவ்வொன்றாக அவரே தூக்கிப் பார்த்தார்.